எட்டு விமானங்களும் ஓர் இஸ்திரிப் பலகையும்

எங்கள் படையில் ஒன்பது பேர். யாரும் நிஜ விமானத்தை ஓட்டியதில்லை. இரண்டு பேர் அதில் ஏறியதுகூட இல்லை. அந்த இருவரில் நான் ஒருத்தி.

கமாண்டர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். துணைத் தலைவர் பல் டாக்டர். மூன்றாம் எண் விமானத்தை ஓட்டுபவரைப் படையே அண்ணன் என்றுதான் கூப்பிடும்; அவர் கட்டடம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறார். தினமும் அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காருகிறவர். அதனால் எங்களில் வான அனுபவம் அதிகம் உள்ளவர் அவர்தான் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். நான் படித்தது இயற்பியல். வேலை, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். புட்டிகள் பேசாது என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

நாங்கள் பறப்பது கம்ப்யூட்டரில். விளையாட்டு என்று சொன்னால் கமாண்டருக்கு மூக்கு சிவந்துவிடும். “சிமுலேஷன்” என்று திருத்துவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்ஜினைக் கிளப்பவே இருபத்தேழு சுவிட்சுகளை வரிசையாகப் போட வேண்டும். விளையாட்டில் இவ்வளவு வேலை வாங்க மாட்டார்கள்.

வாரக்கடைசிகளில் சேர்ந்து பறப்போம். சேர்ந்து என்பது ஒரு பேச்சுக்கு. ஆளுக்கொரு திசையில் கிளம்பி, ஆளுக்கொரு மலையில் மோதி, யார் மோதிய மலை பெரியது என்று அரைமணி நேரம் பேசிவிட்டுக் கலைவோம். ஒரு நாள் கமாண்டருக்கு இது அலுத்துப்போனது.

“வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. எட்டு விமானம். ஒரு பாலம். ஒழுங்கா வரிசையா போறோம், ஒழுங்கா குண்டு போடறோம், ஒழுங்கா திரும்பி வர்றோம். மலைல மோதறவன் அடுத்த மாசம் வரைக்கும் வர வேண்டாம்.”

மறுநாள் நாற்பத்தொரு பக்கத் திட்டம் வந்தது. அட்டைப் படத்தில் ஒரு கழுகு இருந்தது. அதன் காலுக்குக் கீழே அவருடைய கடையின் தொலைபேசி எண்ணும் இருந்தது. பழக்க தோஷம்.

முதல் பதினாறு பக்கங்களை ரசித்துப் படித்தேன். எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், யார் யாருக்கு எவ்வளவு தூரம் பின்னால். எனக்கு நான்காம் எண். பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

“பெயர் கூப்பிடும்போது குரலில் பதில் வர வேண்டும். இரண்டாவது அழைப்புக்கும் குரல் வராவிட்டால் அந்த இருக்கை, காத்திருப்பவருக்குப் போகும். மிஷன் முடியும்வரை எழுத்து வசதி மூடப்பட்டிருக்கும்.”

கடைசி வாக்கியம் எனக்காகவே எழுதப்பட்டது. எட்டு மாதங்களாக இந்தப் படையில் இருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்பேன். பதிலைத் தட்டச்சு செய்வேன். ஆமாம் என்றால் ஒரு புள்ளி, இல்லை என்றால் இரண்டு. படையில் பட்டப்பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். எனக்குப் புள்ளி என்று வைத்தார்கள். இதைவிட மோசமாக வைத்திருக்கலாம். பல் டாக்டருக்கு வைத்ததை இங்கே எழுத முடியாது.

காத்திருப்பவர் யார் என்பதும் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பல் டாக்டரின் மச்சினன். டாக்டருக்கு மச்சினன் என்பதால் படை முழுவதற்கும் அவன் மச்சினன்தான். ஓடுபாதைக் கோபுரத்தில் உட்கார்ந்து, நகரலாம், நிற்கலாம், கிளம்பலாம் என்று மற்றவர்களுக்கு அனுமதி தருவது அவன் பொறுப்பு. அவனுக்கு அதில் விருப்பமில்லை. விமானம் வேண்டும். என் விமானம்.

கமாண்டர் எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

“புள்ளி, சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காத. உன்னை மாதிரி குண்டு போட இங்க ஆள் இல்ல. பாலத்தை இருபது தடவைல பதினெட்டு தடவை உடைச்சிருக்க, கணக்கு வச்சிருக்கேன். ஆனா மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர்ல போறப்ப யாரும்மா டைப் அடிச்சிட்டிருப்பா? ஒரே ஒரு வார்த்தை. ‘நாலு’ன்னு சொல்லு. போதும்.”

நான் ஒரு புள்ளி அனுப்பினேன்.

ஒரு வாரம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் தாராளம் என்று நீங்கள் நினைக்கலாம். என் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில் தினமும் நூற்றிருபது பேரிடம் திட்டு வாங்குகிறாள். அடுத்த தெருவில்தான் வீடு. மாலையில் வந்து என் கட்டிலில் சாய்ந்தாள்.

“சொல்லு பாப்போம்.”

“நாலு.”

“யாருக்குடி சொல்ற? தலகாணிக்கா?”

“நாலு!”

“இது திருடனைப் பாத்துட்டுக் கத்தற மாதிரி இருக்கு. நடுவுல ஒண்ணு இருக்குமே, மனுஷங்க பேசறது, அதைக் கொண்டா.”

“நீ முகத்தைப் பாத்துட்டே இருந்தா வரமாட்டேங்குது.”

“சரி, திரும்பிக்கறேன்.” சுவரைப் பார்த்துத் திரும்பினாள். “வணக்கம், உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம். எத்தனையாவது விமானம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அன்று அவ்வளவுதான்.

புதன்கிழமை பரிசோதனைக் கூடத்தின் குளிரறையில் பயிற்சி செய்தேன். கனத்த கதவு, சத்தம் வெளியே போகாது. நான்கு டிகிரி. இருநூறு புட்டிகள் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தன. “நாலு” என்றேன். “நாலு, தயார்” என்றேன். தைரியம் வந்து, “நாலு, பாலம் தெரியுது, குண்டு போடறேன்!” என்றும் சொன்னேன்.

கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் தலையை நீட்டினார். கையில் ஒரு புட்டி.

“எந்தப் பாலம்மா?”

வெளியே ஓடிவந்துவிட்டேன். அன்று மதியம் அவர் என்னைக் கூப்பிட்டு, வேலை அதிகமாக இருந்தால் சொல்லும்படியும், இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும்படியும் தன்மையாகச் சொன்னார். தலையாட்டினேன்.

மற்ற ஏற்பாடுகளில் எனக்குக் குறையே இல்லை. என் இடம் மூடிய பால்கனியில், வாஷிங் மெஷினுக்கு அருகில். விமானத்தை ஓட்டும் ஜாய்ஸ்டிக் கைப்பிடியைப் பொருத்த இஸ்திரி போடும் பலகையைப் பிடித்திருந்தேன். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; இந்த வீட்டில் அப்படி வேறு மேஜை கிடையாது. கைப்பிடி பழையது. அதில் ஐந்து பட்டன்கள்தான். வரைபடங்களை வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டினேன். எல்லாவற்றையும் முறைப்படி சோதித்தேன். வியாழன் அன்று, பேசும் பட்டன்: அதை அழுத்தினால் என் குரல் போகிறதா என்று குரல் மென்பொருளில் மட்டும் பார்த்தேன். போனது. வெள்ளி அன்று, விமானத்தின் பட்டன்கள்: குண்டு போட ஒன்று, சுட ஒன்று. பிறகு உதறும் பட்டன். எதிரி துரத்தினால் அதை ஒரு தட்டு தட்ட வேண்டும். இறக்கைக்குக் கீழே தொங்கும் எரிபொருள் டேங்க், குண்டு எல்லாவற்றையும் விமானம் உதறிவிட்டு இலகுவாகும். அதையும் பறந்து பார்த்தேன். உதறியது. பட்டியலில் இரண்டு நாளும் சரிக் குறி போட்டேன். திருப்தியாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு அம்மா பால்கனிக் கதவைத் திறந்தாள். தோளில் அப்பாவின் சட்டை.

“பலகை வேணும்.”

“அம்மா, பன்னண்டு மணி வரைக்கும் குடுக்க முடியாது.”

“அப்பா வெளில போகணுமே. கசங்கின சட்டையோட போகச் சொல்லவா?”

“இன்னிக்கு மிஷன்மா.”

அம்மா வரைபடங்களைப் பார்த்தாள். பலகையில் திருகி வைத்திருந்த கைப்பிடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்னமோ பண்ணு. குண்டு போட்டு முடிச்சா சொல்லு. துணிய அதுக்கப்புறம் தேச்சுக்கறேன்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். “உன் பொண்ணு இன்னிக்குப் பாலத்தை உடைக்கிறாளாம், நீ கசங்கின சட்டையோடயே போயிட்டு வா” என்று உள்ளே அவள் சொல்வது கேட்டது. “எந்தப் பாலம்?” என்று அப்பாவும் கேட்டார். இதை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு எட்டு விமானங்களும் ஓடுபாதைக்குப் போகும் சிறு பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. முதலில் கமாண்டர், இரண்டாவதாக ஒரு பள்ளி ஆசிரியர், மூன்றாவதாக கிரேன் அண்ணன், அப்புறம் நான். எனக்குப் பின்னால் பல் டாக்டர் தலைமையில் இன்னொரு நால்வர். கண்ணாடி வழியே அண்ணனின் வால் தெரிந்தது.

“எண் சொல்லுங்கப்பா” என்றார் கமாண்டர். “ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு. மூணேதான். அண்ணன் வந்துட்டேன்.”

“எண் மட்டும் சொன்னா போதும்யா.”

அடுத்தது நான். பட்டனில் கட்டைவிரல் இருந்தது. விரல் அழுத்தவில்லை.

“நாலு?” என்றார் கமாண்டர்.

“மாமா, நான் கீழ இறங்கி வரட்டுமா?” என்றான் கோபுரத்திலிருந்து மச்சினன். அவன் குரலில் இருந்த இனிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“இருடா” என்றார் டாக்டர்.

“நாலு? ரெண்டாவது தடவை கூப்பிடறேன்.”

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதை நினைத்தேன். கட்டைவிரலை அழுத்தினேன்.

“நாலு.”

நடுவில் இருக்கும் குரல். மனுஷர்கள் பேசுவது. விமானமே சட்டென்று இலகுவானது போல ஓர் உணர்வு வந்தது. மூக்கு லேசாகத் துள்ளக்கூடச் செய்தது. வாய் திறந்து பேசிவிட்டால் இப்படித்தான் இருக்கும்போல, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

“அடி சக்கை! தங்கச்சி பேசிருச்சு!” என்று கிரேன் அண்ணன் கத்தினார். யாரோ கைதட்டினார்கள். “அஞ்சு” என்று ஆரம்பித்த பல் டாக்டர், “அஞ்... ஐயையோ, இது என்னது, வழில என்னமோ...” என்றார்.

பின்னால் ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இரண்டு சேர்ந்து.

எண்ணிப் பார்த்தால், எட்டில் நான்கு காலி. எதிரி இன்னும் எங்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கமாண்டர் மிஷனை நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். எட்டு விமானங்களும் புத்தம் புதிதாக நிறுத்துமிடத்தில் வந்து நின்றன. அவர் குரல், வாரண்டி முடிந்த ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் பேசும் குரல்.

“யாரோ தரையிலயே டேங்கை உதறியிருக்கீங்க. டாக்டரே, எங்கேர்ந்து விழுந்துச்சு?”

“எனக்கு முன்னாடி. மூணா நாலா தெரியல. பதிவைப் போட்டுப் பாத்தா தெரியும்.”

“அதைத் திறக்க இருபது நிமிஷமாகும்.”

“அப்ப வேணாம். பன்னண்டரைக்கு எனக்கு ஒரு கடைவாய்ப் பல் இருக்கு.”

“மூணுதான் மாமா” என்றான் மச்சினன். “போன வாரம் இவர்தான நிறுத்தி வச்ச விமானத்துல சக்கரத்தை மடக்கினாரு?”

கிரேன் அண்ணன் உடனே மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் யோசித்தார்.

“என் கை பட்டிருந்தாலும் பட்டிருக்கும்பா. என் விரல் ஒவ்வொண்ணும் ஸ்பேனர் சைஸ். தங்கச்சி பேசின சந்தோஷத்துல எதையாவது அமுக்கிட்டேனோ என்னவோ.”

“சட்டம் தெரியும்ல?” என்றார் கமாண்டர். “சொந்த ஆளை அடிச்சவன் இருக்கையை விட்டு இறங்கணும். முப்பத்தாறாம் பக்கம்.”

“தெரியும். வீட்ல எல்லாரையும் பின்னாடி உக்கார வச்சிருக்கேன். பரவால்ல. வேற நாளைக்குப் பாக்கட்டும்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “என்னங்க, முடிஞ்சிருச்சா?” என்று கேட்டது. “இல்ல, இது வேற” என்றார் அவர்.

நான் அதற்குள் என் பட்டன் பட்டியலைத் திறந்திருந்தேன். ஐந்து பட்டன்கள். ஆறு வேலைகள். நான்காவது பட்டனுக்கு எதிரே வியாழக்கிழமையின் சரிக் குறி: பேசு. அதே பட்டனுக்கு எதிரே வெள்ளிக்கிழமையின் சரிக் குறி: உதறு. தனித்தனியாகச் சோதித்தவள் சேர்த்துச் சோதிக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தரும் பாடம் அது. எழுதித்தான் தருவேன்.

சும்மா இருந்தால் என் இருக்கை எனக்கு. பட்டனை மாற்ற விமானத்தைவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் மச்சினன் புகுந்துவிடுவான். இந்தப் பாலத்துக்காக எட்டு மாதம். பதினெட்டு முறை உடைத்திருக்கிறேன். எண் சொல்லியாயிற்று; பத்தொன்பதாவது முறைக்கு இனி நான் பேச வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதில் எனக்கு இணை யாரும் கிடையாது.

“சரி, மூணு இறங்கிக்கப்பா” என்றார் கமாண்டர்.

எழுத்து மூடியிருந்தது. சொல்ல ஒரே ஒரு வழிதான். அழுத்தினேன்.

“நான்தான்.”

நிறுத்துமிடத்தில், எட்டுப் பேரின் கண்ணெதிரே, என் விமானம் தன் டேங்கையும் இரண்டு குண்டுகளையும் கீழே போட்டது. டேங்க் மெல்ல உருண்டுபோய்க் கமாண்டரின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது.

“பேசற பட்டனும் உதறற பட்டனும் ஒண்ணாயிடுச்சு. நான் தனித்தனியா டெஸ்ட் பண்ணினேன். அண்ணன் எதையும் அமுக்கல. நான் பேசினதுலதான் விழுந்துச்சு. பேசினா விழுது. இப்பவும் விழுந்திருக்கு, பாருங்க. மன்னிச்சுக்குங்க.”

என் வாழ்க்கையிலேயே அந்நியர்களிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. சொல்லி முடித்ததும் காது சூடாகி, வாஷிங் மெஷின்மீது தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

முதலில் சிரித்தவர் பல் டாக்டர். அப்புறம் அந்தப் பெண் குரல். அப்புறம் எல்லோரும். கிரேன் அண்ணன் மட்டும், “ஏன் தங்கச்சி, நான்தான் ஒத்துக்கிட்டேனே” என்றார்.

“சிரிக்காதீங்க” என்றார் கமாண்டர். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “புள்ளி, முப்பத்தாறாம் பக்கம் உனக்கும்தான்.”

“தெரியும்.”

“இறங்கு. மச்சினன், நாலை எடுத்துக்க. நீ ஏறினா டேங்கும் குண்டும் புதுசா வந்துடும்.”

“அப்ப கோபுரம் யாரு பாக்கறது?”

“அங்க இறக்கை கிடையாது. டேங்க் கிடையாது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் கீழ விழாது.” கமாண்டர் தொண்டையைக் கனைத்தார். “புள்ளி, கோபுரத்துல நீ உக்காரு.”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபுரத்தில் செய்ய ஒரு வேலைதான் உண்டு. அது பேசுவது. இரண்டு மணி நேரம். எட்டுப் பேரிடம். பறக்க வந்தவளுக்கு நாற்காலி. மறுத்துவிடலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அம்மாவிடம் பலகையைக் கொடுத்துவிடலாம். கை சுவிட்ச் வரை போனது.

“பாதகமில்ல தங்கச்சி, முடியலன்னா விட்டுடு. மச்சினன் அங்கயே உளறட்டும், நாங்க ஏழு பேரா போயிக்கறோம்” என்றார் கிரேன் அண்ணன்.

ஏழு பேராகப் போனால், குண்டுகளின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன், பாலம் உடையாது. இது என் கருத்தல்ல, கணக்கு.

கோபுரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து முழு மைதானமும் தெரிந்தது. நான்காம் எண்ணின் இறக்கை ஓர மடிப்புகள் மேலும் கீழும் ஆடின. மச்சினன் எதையோ கண்டபடி அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரேன் அண்ணன் தன் விமானத்தை அவனைவிட்டு நான்கு அடி தள்ளி நிறுத்தியிருந்தார். எட்டு இன்ஜின்களும் ஓடின. யாரும் நகரவில்லை. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நான் வாய் திறக்கக் காத்திருந்தார்கள்.

காத்திருக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். முதல் விமானம் முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. முன்சக்கரத்துக்கு எதிரே என் டேங்க் இன்னும் கிடந்தது.

அழுத்தினேன்.

“ஒண்ணு, நில்லுங்க.”

“நேரமாச்சும்மா, பதினாறாம் பக்கப்படி பத்தே முக்காலுக்கு நாம மேல இருக்கணும்.”

“நான் நகரச் சொல்லல. டேங்க் கிடக்குது. பிரேக் போடுங்க.”

பிரேக் போட்டார். மூக்கு தரையை நோக்கிக் குனிந்து நிமிர்ந்தது.

“போட்டாச்சு” என்றார்.

“இடது பக்கமா வளைஞ்சு வாங்க. ரெண்டு, அவர் போனதும் நீங்க. மூணு, அண்ணே, அப்புறம் நீங்க. நாலு...”

“வந்தேன், வந்தேன்!” என்றான் மச்சினன்.

“நாலு, நான் சொன்னப்புறம் வந்தா போதும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”